நாலு காசு

போன மாதம் மகளுக்கு ஒன்பது வயது முடிந்தது. ஹேர்னிங்கிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஓர்ஹூஸுக்கு வந்திருந்தார்கள். மேசையில் குட்டி டெனிஷ் கொடிகள், நடுவில் கேக், பக்கத்தில் அம்மா கொண்டுவந்த பயற்றம் பணியாரம். உங்கள் வீடுகளிலும் பிறந்தநாள் மேசை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பரிசுகள் எல்லாம் பிரித்து முடிந்த பிறகு அப்பா ஜக்கெற் பொக்கற்றிலிருந்து ஒரு பழைய பிலிம் ரோல் டப்பியை எடுத்தார். கறுப்பு டப்பி, சாம்பல் மூடி. அதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பாஸ்போர்ட், அகதி விசா கடிதங்கள் இருந்த லாச்சிக்குள்தான் அதுவும் இருந்தது. நாங்கள் தொடக்கூடாது.

"இது சும்மா காசு இல்லை பிள்ளை. நீ வளர்ந்து வீடு வாங்கேக்க இது உதவும். பத்திரமா வைச்சிரு" என்றார்.

உள்ளே பஞ்சில் சுற்றி ஒரு செம்புக் குத்திக்காசு. கறுத்துப்போய், ஒரு பக்கம் சரிந்து, நகத்தின் அளவில். அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு வயதான டெனிஷ்காரர் கொடுத்தது என்பதும், 'எங்கட ஊரில டெனிஷ்காரர் அடிச்ச காசு' என்பதும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அப்பா வருடத்துக்கு ஒருமுறையாவது அதைக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் அதன் விலை கொஞ்சம் கூடும்.

மகள் அதை யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கத்தினாள்: "அப்பா, இதில காசு எண்டு எழுதியிருக்கு!"

எழுதியிருந்தது ஆங்கில எழுத்தில்தான். கே, ஏ, எஸ். 'காஸ்'. மேலே ரோம இலக்கத்தில் நான்கு. நாலு காசு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போவதற்கு அழுகிற பிள்ளை, டென்மார்க் அரசரின் நாணயத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தானாகக் கண்டுபிடித்துவிட்டாள். இத்தனை வருடம் அந்த டப்பியைப் பார்த்த நான் அதை ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை.

அடுத்த கேள்வி உடனே வந்தது. "இது எவ்வளவு பெறும்?"

அப்பா என்னைப் பார்த்தார். "நீ கொம்பியூட்டரில பார். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

முதலில் செய்யக்கூடாதது

நான் பார்க்கத் தொடங்குவதற்குள் ஒரு விபத்து நடந்தது. "இப்படிக் கறுத்துக் கிடந்தா என்னெண்டு வாசிக்கிறது, பழப்புளி போட்டுத் தேய்ச்சா குத்துவிளக்கு மாதிரி வரும்" என்று அம்மா குசினிக்குள் கொண்டுபோய்விட்டார். நான் ஓடிப்போவதற்குள் விளிம்பில் ஒரு துண்டு இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

அம்மாவில் பிழை இல்லை. குத்துவிளக்கும் செம்பும் அப்படித்தான் கழுவப்படும். ஆனால் பழைய நாணயத்தில் அந்தக் கறுப்பும் கபிலமும் ஊத்தை இல்லை. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து பல வருடங்களாகத் தனக்குமேல் போட்டுக்கொண்ட தோல் அது. புளி, வினாகிரி, கெச்சப், எலுமிச்சை எல்லாமே அமிலம். அமிலம் அந்தத் தோலை உரித்துவிடும். உரித்தால் திரும்ப வராது. சேகரிப்பவர்கள் தேய்த்த காசைக் கண்டவுடன் கண்டுபிடிப்பார்கள், விலையும் இறங்கிவிடும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், மண் ஒட்டியிருந்தாலும் சும்மா விடுங்கள். விளிம்பில் பிடியுங்கள். மலிவான மெதுவான பிளாஸ்ரிக் உறைகளில் போடாதீர்கள், அதில் சில வகை செம்பைப் பச்சையாக்கும். அமிலமில்லாத கடதாசி உறை போதும்.

இது எது?

என் தொழிலில் ஒரு பிழையைத் தேடும்போது முதலில் ஊகிக்க மாட்டோம், இருப்பதைப் பதிவுசெய்வோம். இரவு மகளும் நானும் அப்படித்தான் தொடங்கினோம். கொப்பியில் அவள் எழுதினாள்.

காந்தம் ஒட்டவில்லை. கோப்பி நிறுக்கிற தராசில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அகலத்துக்கு ஒப்பிட இன்றைய 50 ஓரே குத்தியைப் பக்கத்தில் வைத்தோம். டென்மார்க்கில் இப்போது புழங்குவதில் ஆகச் சின்னப் பெறுமதி அதுதான், அதுவும் செம்பு நிறம், அதிலும் கிரீடம். எங்கள் காசு அதைவிடச் சின்னது, பாரத்திலும் கிட்டத்தட்டப் பாதி.

பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தோம். தேய்ந்த நாணயத்தை வாசிக்க இதைவிட நல்ல வழி இல்லை. நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடுகள் நிழலாக எழும்பும். ஒரு பக்கம் கிரீடம், அதற்குக் கீழே எஃப், ஆர் என்ற எழுத்துகளும் ரோம இலக்கம் ஆறும் பின்னிக் கிடந்தன. பிரெடெரிக், அரசர், ஆறாமவர். மற்றப் பக்கம் நான்கு, காஸ், கீழே ஆண்டு: 1, 8, 3. கடைசி இலக்கம் பாதி தேய்ந்திருந்தது. மகள் 8 என்றாள், நான் 3 என்றேன். ஆறாம் பிரெடெரிக் அரசராக இருந்தது 1808 முதல் 1839 வரை. அதனால் யார் சரியென்றாலும் அரசர் மாறப்போவதில்லை. கொப்பியில் '1833 அல்லது 1838' என்று எழுதினாள்.

அடித்த இடம் தரங்கம்பாடி. டெனிஷ்காரர் வாயில் அது 'ட்ராங்கெபார்'. செம்புத் துண்டை அச்சுக்கு நடுவில் வைத்துக் கையால் அடித்தார்கள். அதனால்தான் படம் ஒரு பக்கம் சரிந்து, கிரீடத்தின் ஒரு மூலை வெளியே போயிருக்கிறது. இது அரிதான பிழை என்று நினைத்து ஏமாற வேண்டாம். இந்தக் காசுகளில் அது சர்வசாதாரணம். ஊனோ பார்னர் யென்சன் தரங்கம்பாடி நாணயங்களுக்கென்றே ஒரு பட்டியல் நூல் எழுதியிருக்கிறார். டெனிஷ் நாணயங்களுக்கான சீக் பட்டியலும் இருக்கிறது. நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கட ஊரா?

"அப்ப அப்பப்பாவின்ர ஊரையும் டெனிஷ்காரர் ஆண்டவையோ?" என்று மகள் கேட்டாள். அப்பப்பாவின் ஊர் பருத்தித்துறை. அப்பா எல்லோருக்கும் சொல்லிவந்த 'எங்கட ஊர்' கொஞ்சம் பெரிய ஊர்தான்.

வரைபடத்தில் அளந்து பார்த்தோம். பருத்தித்துறையிலிருந்து வடக்கே கடலைக் கடந்தால் தரங்கம்பாடி ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஹேர்னிங்கிலிருந்து கோப்பன்ஹேகன் அதைவிடத் தூரம். எனவே அப்பா சொன்னது முழுப்பொய்யும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டெனிஷ்காரர் முதலில் வந்தது தரங்கம்பாடிக்கு இல்லை, இலங்கைக்கு. நான்காம் கிறிஸ்தியான் அரசர் அனுப்பிய ஓவ கெத்த என்ற இளம் கடற்படைத் தலைவர் 1620இல் இலங்கைக்கு வந்து, கண்டி அரசரோடு பேசி, திருகோணமலையில் கால் ஊன்றப் பார்த்தார். அது சரிவரவில்லை. இதற்கிடையில் முன்னால் அனுப்பப்பட்டிருந்த அவர்களின் கப்பல் ஒன்றைக் காரைக்கால் பக்கத்துக் கடலில் போர்த்துக்கேயர் அழித்துவிட்டார்கள். தப்பியவர்கள் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்தத் தொடர்பில்தான் அதே வருடம் தரங்கம்பாடி டெனிஷ்காரருக்குக் கிடைத்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் கோப்பன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

தங்கத் தகடு அரசர்களுக்கு. சந்தையில் மரக்கறி வாங்கச் சில்லறை வேண்டுமே. முதலில் ஈயத்தில் காசு அடித்தார்கள், பிறகு செம்பில். பெயருக்கு எங்கேயும் போகவில்லை, ஊர்ச் சனம் சொன்ன 'காசு' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். அதாவது ஒரு ரூபாய்க்கு 640 காசு. எங்கள் நாலு காசு ஒரு ரூபாயில் 160இல் ஒரு பங்கு.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். ஆங்கிலத்தில் பணத்தைச் சொல்கிற 'கேஷ்' தமிழிலிருந்து போனது என்று எங்கள் கூட்டங்களில் அடிக்கடி பெருமையாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. இந்தியாவினதும் சீனாவினதும் சின்னச் செம்பு நாணயங்களை ஐரோப்பியர் 'கேஷ்' என்று அழைத்தது போர்த்துக்கேயர் வழியாகத் தமிழ்க் காசிலிருந்து வந்தது. கைப்பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு சொல். அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. இரண்டும் வழியில் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. பிள்ளைகளுக்குப் பெருமை சொல்லிக் கொடுக்கும்போது சரியான பெருமையைச் சொல்லிக் கொடுப்போம், பிறகு வகுப்பில் யாராவது திருத்தினால் அவர்களுக்குத்தான் வெட்கம்.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. மகள் தராசை ஒதுக்கிவிட்டுக் கல்குலேட்டரை எடுத்தாள். வேடிக்கைக் கணக்குத்தான், எல்லா ரூபாயும் ஒரே ரூபாய் இல்லை. ஆனாலும் வந்த விடை அவளுக்குப் பிடித்துவிட்டது: இருபது கோடி நாலு காசுகள். "எங்களிட்ட ஒண்டு இருக்கு" என்றாள்.

எவ்வளவு பெறும்?

இப்போது அப்பா கேட்ட கேள்வி.

நாணயத்தின் விலையை வயது தீர்மானிப்பதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள், இவைதான் தீர்மானிக்கும். ரோமர் காலத்துச் செம்புக் காசைச் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கலாம். ஆறாம் பிரெடெரிக் காலத்து நாலு காசு பல வருடங்கள் தொடர்ந்து அடிக்கப்பட்டது. நிறையவே மிஞ்சியிருக்கிறது.

நிலையைக் குறிக்க டென்மார்க்கில் ஒரு தனி முறை இருக்கிறது. பூச்சியம்தான் முதலிடம்! '0' என்றால் புழங்காத புத்தம் புதுக் காசு. அதற்கு அடுத்தது '01', பிறகு '1+', '1', '1-' என்று இறங்கும். எழுத்துகள் எல்லாம் தேய்ந்து, ஆனால் வாசிக்கக்கூடியதாக இருக்கிற எங்கள் காசு '1'. அம்மாவின் பழப்புளியையும் கணக்கெடுத்தால் '1-'.

பிறகு விலை. இணையத்தில் தேடியவுடன் முதலில் வந்தது இரண்டாயிரம் குரோனர். ஒரு நிமிடம் எனக்கும் நெஞ்சு அடித்தது. ஆனால் அது ஒருவர் கேட்கிற விலை. கேட்பதற்குக் காசு தேவையில்லை. யாரோ உண்மையில் காசு கொடுத்து வாங்கிய விலை ஏலங்களின் பழைய முடிவுகளில் இருக்கும். அவற்றைத் தேடி ஒரு அட்டவணையில் போட்டேன். என் கண்ணில் பட்டவற்றில் எங்கள் காசின் நிலையில் உள்ளவை நூறு குரோனருக்கு அங்கேயும் இங்கேயும்தான் போயிருந்தன. நல்ல நிலையில் உள்ளவை இருநூறு, முந்நூறு. சிலவற்றைத் தனியாக விற்கவே இல்லை, ஐந்தாறு காசோடு சேர்த்துக் கட்டாக விற்றிருந்தார்கள். விற்றால் ஏலக்காரரின் கழிவும் போகும்.

மொத்தத்தில், இரண்டு பீட்சா.

வீடு வாங்க உதவும் என்று அப்பா முப்பது வருடமாக வைத்திருந்தது இரண்டு பீட்சா.

உண்மையைச் சொல்கிறேன், பொய் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். 'நல்ல விலை அப்பா, வைச்சிருப்பம்' என்றால் முடிந்தது. ஆனால் மகள் அட்டவணையைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு முன்னால் அப்பப்பாவிடம் பொய் சொன்னால் அவள் எதைப் படிப்பாள்? அதோடு, அப்பா எங்களிடம் ஒருநாளும் இல்லாததை இருக்கிறது என்று சொன்னதில்லை. இந்தக் காசைத் தவிர. இதிலும் அவர் நம்பியதைத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஹேர்னிங் போனோம். தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னேன். எது, எங்கே அடித்தது, எந்த அரசர், எல்லாம் சொல்லி, கடைசியில் விலையையும் சொன்னேன். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப பெரிசா ஒண்டும் இல்லை எண்டுறாய்."

"காசாப் பார்த்தா இல்லை அப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரீவியைப் போட்டார். போகும்போது வாசல்வரை வந்து வழக்கம்போலக் கைகாட்டினார். ஆனால் காரில் வரும்போது எனக்குச் சாப்பிட்டது செமிக்கவில்லை. இந்த நாட்டுக்கு ஒரு பையோடு வந்து, இருபத்தாறு வருடம் ஷிப்ற் வேலை செய்து, எங்களைப் படிப்பித்த மனிதர். பேரப்பிள்ளைக்குத் தன் கையால் கொடுக்க ஒரு பெறுமதியான பொருள் இருக்கிறது என்று இருந்தார். அதை நான் அட்டவணை போட்டுப் பறித்துவிட்டேன்.

ஒரு துண்டு

புதன்கிழமை இரவு போன் வந்தது.

"தம்பி, அந்தக் காசு எங்க?"

"பிள்ளையின்ர மேசையில இருக்கப்பா."

"அதோட ஒரு துண்டு எழுதி வைக்கோணும். நான் சொல்லுறன், எழுது."

நான் பேனையைத் தேட, மகள் வந்து கொப்பியைத் திறந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

1988 மாரி. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் முதல் வருடம். மத்தியானம் எல்லோரும் பாண் சாப்பிட, அப்பா சோற்றுப் பெட்டியோடு ஒரு மூலை மேசையில் தனியாக இருப்பார். கறி மணக்கும் என்று அவரேதான் தள்ளி இருந்தாராம். ஒருநாள் வயதான ஒருவர் தன் சாப்பாட்டோடு வந்து முன்னால் இருந்தார். எந்த நாடு என்று கேட்டார். அப்பாவுக்கு அப்போது டெனிஷ் நாலு வசனம்தான். அடுத்த நாள் அந்த மனிதர் வீட்டிலிருந்து இந்தக் காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்து எழுத்துகளைக் காட்டினார். அவருடைய தாயின் தகப்பன் கப்பல்காரராம், அந்தப் பெட்டிக்குள் கிடந்ததாம். அப்பா வாசித்தார்: "காசு." அவர் சிரித்துக்கொண்டு திரும்பச் சொன்னார்: "காசு." அதற்குப் பிறகு ஆறு வருடம் இரண்டு பேரும் ஒரே மேசை. 1994இல் அவர் பென்சன் எடுத்த கடைசி நாள் டப்பியை அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

முப்பத்தைந்து வயது கடந்த எனக்கு இந்தக் கதை அன்றுதான் தெரியும். வருடாவருடம் காசைக் காட்டிய அப்பா அதன் விலையைச் சொல்லியிருக்கிறார், இதைச் சொன்னதில்லை.

"அவர் விலை ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அப்பா. "விலை வைச்சது நான்தான்." கொஞ்சம் நின்று, "அவற்ற பேரையும் எழுது பிள்ளை" என்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மகள் எழுதினாள். பெயரை இங்கே நான் போடவில்லை, அது அந்தத் துண்டுக்கு உரியது.

தேய்ந்த காசு மலிவு என்பதற்குக் காரணத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். புத்தம் புதிதாக மிஞ்சியது யாரோ ஒருவர் பெட்டிக்குள் பூட்டி வைத்தது. தேய்ந்தது தரங்கம்பாடிச் சந்தையில் மீன் விற்றவர், உப்பு வாங்கியவர், கூலி எடுத்தவர் எல்லோருடைய கையிலும் போய் வந்தது. ஏலத்தில் அதற்குப் புள்ளி இல்லை. பரவாயில்லை, நாங்கள் விற்கப்போவதும் இல்லை.

உங்கள் பெற்றோரின் லாச்சிகளிலும் இப்படி ஒன்று இருக்கும். நாணயமாக இருக்க வேண்டும் என்றில்லை. விலையைத் தேடுவது பிழையில்லை, சரியாகத் தேடுங்கள். ஆனால் அதற்கு முதல், 'இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது' என்று கேட்டு ஒரு துண்டில் எழுதுங்கள். பெயர், ஊர், வருடம். காசு அங்கேயே கிடக்கும். அதைச் சொல்லக்கூடியவர்கள் எப்போதும் இருக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு விடுமுறையில் தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள், கோட்டையையும் அதிலுள்ள அருங்காட்சியகத்தையும் பாருங்கள், ஆனால் அங்கே பழங்காசு வாங்கிப் பைக்குள் போடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை இந்தியாவிலிருந்து அனுமதியில்லாமல் கொண்டுவர 1972ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. இங்கே டென்மார்க்கில் மண்ணுக்குள் பழங்காசு கண்டெடுத்தாலும் முதலில் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். அரசுக்கு உரிய கண்டெடுப்பாக இருந்தால் ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் காசு இப்போது ஒரு கடதாசி உறைக்குள் இருக்கிறது. மடித்த துண்டு பிலிம் டப்பிக்குள் போகவில்லை. டப்பியை அப்பா திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குள் இனி என்ன வைக்கப்போகிறார் என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.